கேட்டால் திறப்பார்கள்: அது உரிமை ஆகுமா?

கேள்வி:

எனக்கு வயது 61. பிறந்தது கானாடுகாத்தான் பக்கம், வாழ்க்கைப்பட்டது தேவகோட்டை. ஐயா (அப்பாவின் அப்பா) காலத்து வீட்டில் நான்கு பங்கு. அதில் ஒன்று எங்கள் அப்பச்சியுடையது, அதாவது அப்பாவுடையது. இரண்டாம் கட்டின் கிழக்குப் பக்கம் ஓர் இரட்டை வீடு (ஒன்றுக்குள் ஒன்றாக இரண்டு அறை) எங்கள் புழக்கம், முகப்பு, வளவு (முற்றமும் அதைச் சுற்றிய பத்தி என்ற தாழ்வாரமும்), அடுப்படி, கிணறு எல்லாம் பொது. அப்பச்சி 2011-இல் காலமானார், ஆத்தா 2016-இல். உயில் கிடையாது. அண்ணன், நான், தம்பி என மூன்று பேர். வீட்டைப் பார்த்துக்கொள்வது அண்ணன் மகன். இந்தத் தை மாதம் அப்பச்சி திதிக்கு விளக்கேற்றப் போனபோது முகப்புக் கதவில் புதுப் பூட்டு தொங்கியது. அப்பச்சி எனக்குக் கொடுத்த சாவி ஒரு சாண் நீளம். அது இப்போது எந்தப் பூட்டுக்கும் சேராது. போன் செய்தால் ஆள் அனுப்பித் திறந்துவிடுகிறான், குறை சொல்வதற்கில்லை.

இப்போது பாகப்பிரிவினை எழுதப் போகிறார்கள். முகப்பும் வளவும் மூத்த பங்காளிக்கு. எங்கள் மூவருக்கும் இரட்டை வீடும் அதை ஒட்டிய பின்கட்டும். “பின்வாசல் வழியாக அணுகல் உண்டு” என்று வரைவில் ஒரு வரி, “கிணற்றுக்கும் அணுகல் உண்டு” என்று இன்னொரு வரி. பின்வாசலுக்கும் பின்தெருவுக்கும் நடுவில் பத்தடி மனை வேறொரு வீட்டாருடையது. அந்த வீட்டு ஆச்சியிடம் சொல்லிவிட்டுத்தான் போய் வருவோம். பின்வாசலில் நான்கு கல்படி, பிடித்து ஏற ஒன்றும் கிடையாது, என் முழங்கால் இடம் கொடுக்காது. போன மாதம் வெளியூர்க்காரர்கள் இரண்டு பேர் வந்து முகப்பைப் போட்டோ எடுத்துப் போனார்களாம். “அதான் அக்சஸ் இருக்கிறதே அத்தை” என்கிறான் பிள்ளை. சட்டத்தில் அக்சஸ் என்றால் என்ன? கையெழுத்துப் போடலாமா?

பெயர் வேண்டாம் என்று கேட்டுக்கொண்ட வாசகி

பதில்:

அன்புள்ள ஆச்சிக்கு,

இந்த வரைவில் கையெழுத்துப் போடாதீர்கள். பாகப்பிரிவினையே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. பிரித்துக்கொள்வது நல்லதுதான், பல வீடுகளில் அது ஒன்றே கூரையைக் காப்பாற்றுகிறது. ஆனால் “அணுகல் உண்டு” என்ற அந்த இரண்டு வரிகளை நம்பிப் போட வேண்டாம். காரணத்தைச் சற்று விரிவாகவே எழுதுகிறேன். உங்களைப் போல் பிறந்த வீட்டில் பன்னிரண்டில் ஒரு பங்கும் கையில் ஒரு பழைய சாவியும் வைத்திருக்கும் பெண்கள் இந்த வட்டாரத்தில் நிறைய இருக்கிறார்கள்.

முதலில் அந்தச் சொல். காரைக்குடியில் முப்பது வருடமாகப் பத்திரங்களைப் படிக்கிறேன். பழைய பத்திரங்களில் “அணுகல்” என்ற சொல்லை நான் பார்த்ததில்லை. “நடைபாத்தியம்” (நடக்கும் உரிமை) இருக்கும், “வண்டிப்பாதை” இருக்கும், “மாமூல் வழி” இருக்கும், “கிணற்றில் நாலில் ஒரு பங்கு தண்ணீர் இறைத்துக்கொள்ளும் பாத்தியம்” இருக்கும். ஒவ்வொன்றும் ஒரு செயலைச் சொல்லும். நடப்பது, வண்டி ஓட்டுவது, இறைப்பது. “அக்சஸ்” என்ற ஆங்கிலச் சொல் வரைவில் நுழைந்து, அதை யாரோ “அணுகல்” என்று தட்டச்சு செய்த பிறகு, என்ன செய்யலாம் என்பது மறைந்துவிட்டது. எதையும் செய்யலாம் போலவும் தோன்றும், ஒன்றும் செய்ய முடியாது போலவும் தோன்றும். தகராறு வருவதற்கு இதைவிட வேறு என்ன வேண்டும்?

சட்டத்திலும் அந்தச் சொல்லுக்கு ஒரே பொருள் கிடையாது. 1872-ஆம் ஆண்டுச் சாட்சியச் சட்டத்தின் 112-ஆம் பிரிவில் அது வந்தது. திருமண உறவில் பிறந்த குழந்தை கணவனுடைய குழந்தைதான், இருவருக்கும் இடையே அக்சஸ் இல்லை என்று காட்டினால் மட்டுமே அதை மறுக்கலாம் என்பது அந்தப் பிரிவு. 2023-இல் வந்த புதிய சாட்சியச் சட்டத்தில் இதுவே 116-ஆம் பிரிவு. இதற்குப் பொருள் சொன்ன வழக்கு நம் முன்னோர் பணம் பர்மாவில் புரண்ட காலத்தது. கரப்பையா சேர்வை – மாயாண்டி வழக்கு, ரங்கூனிலிருந்து, அன்று கடைசி மேல்முறையீட்டு மன்றமாக இருந்த லண்டன் பிரிவி கவுன்சில் வரை போய், 1934-இன் தீர்ப்புத் தொகுப்பில் இருக்கிறது. அக்சஸ் என்றால் சேர்ந்திருக்க வாய்ப்பு இருந்தது என்பதே, அதற்கு மேல் ஒன்றும் இல்லை என்றார்கள். 1993-இல் கௌதம் குண்டு வழக்கில் உச்ச நீதிமன்றமும் அதையே சொன்னது.

தகவல் அறியும் உரிமைச் சட்டம், 2005 வேறு வழியில் போகிறது. தகவலைப் பெறும் உரிமை என்று பொத்தாம்பொதுவாகச் சொல்லிவிட்டு நிற்காமல், ஆவணத்தைப் பார்வையிடலாம், குறிப்பு எடுக்கலாம், சான்றிட்ட நகல் வாங்கலாம், பொருளாக இருந்தால் மாதிரி எடுக்கலாம் என்று ஒவ்வொரு செயலாக எழுதி வைத்திருக்கிறது. அதனால்தான் ஒரு சாதாரண மனிதர் பத்து ரூபாய்க் கட்டணத்தோடு மனுப் போட்டு, அதிகாரி முன் நின்று, “பார்க்க மட்டும் விட்டால் போதாது, நகலும் வேண்டும்” என்று கேட்க முடிகிறது.

இன்னொரு இடத்தையும் சொல்ல ஆசைப்படுகிறேன், அது உங்கள் கிணற்று வரிக்கு நேராகப் பொருந்தும். அரசியலமைப்பின் 15-ஆம் பிரிவு, சாதி, மதம், பால் முதலியவற்றைக் காரணம் காட்டி ஒருவரை எங்கெல்லாம் தடுக்கக் கூடாது என்று சொல்கிறது. கடை, உணவகம், பொழுதுபோக்கு இடம் இவற்றுக்கு அங்கே இருக்கும் சொல் அக்சஸ். கிணறு, குளம், படித்துறை, சாலை இவற்றுக்கு வரும்போது அந்தச் சொல்லை விட்டுவிட்டு, “பயன்படுத்துதல்” என்று பொருள்படும் சொல்லைப் போட்டிருக்கிறார்கள். அதை எழுதியவர்களுக்குக் கிணறு என்றால் என்னவென்று தெரிந்திருந்தது. கிணற்றடி வரை வரவிட்டு, வாளியைத் தொடாதே என்று சொல்லும் ஊர்களை அவர்கள் பார்த்திருந்தார்கள். உங்கள் வரைவில் “கிணற்றுக்கு அணுகல்” என்று இருக்கிறது. கிணற்றைப் பார்த்துவிட்டுத் திரும்பவா? தண்ணீர் எடுக்கவா? மோட்டார் வைக்கவா? தூர் வாரும் செலவில் யாருக்கு எவ்வளவு? ஒன்றும் இல்லை.

இனி உங்கள் பூட்டுக்கு வருவோம்.

பாகப்பிரிவினை பதிவாகும் நாள் வரை நீங்கள் அந்த வீட்டின் கூட்டுச் சொந்தக்காரர். அப்பச்சியின் நாலில் ஒரு பங்கில் மூன்றில் ஒன்று உங்களுக்கு, அதாவது மொத்த வீட்டில் பன்னிரண்டில் ஒன்று. “கல்யாணத்தின்போதே சீர் செய்தாயிற்று” என்று யாராவது சொன்னால், சீர் வாங்கிக்கொண்டது பங்கை விட்டுக்கொடுத்ததாக ஆகாது. வீட்டுப் பங்கை விட்டுக்கொடுக்கப் பதிவு செய்த விடுதலைப் பத்திரம் வேண்டும். 1989-இல் தமிழ்நாடு மகள்களுக்குப் பிதுரார்ஜிதச் சொத்தில் பங்கு கொடுத்தபோது, அதற்கு முன்பே மணமான பெண்களை விலக்கிவிட்டது. உங்கள் வயதைப் பார்த்தால் அந்த விலக்கைச் சொல்லி உங்களையும் மறுத்துப் பேசியிருக்கக் கூடும். 9-9-2005-இல் நடைமுறைக்கு வந்த மத்தியச் சட்டத் திருத்தத்தில் அந்த விலக்கு இல்லை. தந்தை அன்று உயிரோடு இருந்திருக்க வேண்டுமா என்ற கேள்வியும் 2020 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றத்தின் வினீதா சர்மா தீர்ப்பில், வேண்டியதில்லை என்று தீர்ந்துபோனது. 20-12-2004-க்கு முன்பே பதிவான, அல்லது கோர்ட் தீர்ப்பால் ஆன, பழைய பாகப்பிரிவினை எதுவும் இல்லாதவரை உங்கள் பங்கு உறுதி. வில்லங்கச் சான்று போட்டு அதை மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்.

2005-இல் நீங்கிய இன்னொரு பிரிவை இங்கே நினைவுபடுத்தாமல் இருக்க முடியவில்லை. இந்து வாரிசுரிமைச் சட்டத்தின் 23-ஆம் பிரிவு. குடும்பம் குடியிருக்கும் வீட்டை, ஆண் வாரிசுகள் பிரித்துக்கொள்ள முன்வரும் வரை, மகள் பிரிக்கச் சொல்லிக் கேட்க முடியாது. அந்த வீட்டில் வந்து தங்கும் உரிமையும் மணமாகாத, கைவிடப்பட்ட, கணவரைப் பிரிந்த, அல்லது கணவரை இழந்த மகளுக்கு மட்டும்தான். அதாவது, நல்லபடியாக வாழ்க்கைப்பட்டு நன்றாக இருக்கும் மகளுக்குப் பிறந்த வீட்டுக் கதவு அண்ணன் தம்பியின் தயவில். ஏறத்தாழ ஐம்பது வருடம் இது சட்டமாக இருந்தது. பிரிவு போய்விட்டது, ஆனால் அந்தப் பழக்கம் போகவில்லை. “போன் செய்யுங்கள் அத்தை, திறந்துவிடுகிறேன்” என்பதில் அதுதான் இன்னும் ஒலிக்கிறது.

உங்கள் அண்ணன் மகன் நல்ல பிள்ளை என்று கடிதத்தைப் படித்தாலே தெரிகிறது. திருட்டுக்குப் பயந்துதான் பூட்டை மாற்றியிருப்பான். இந்த வட்டாரத்தில் தேக்குக் கதவும் தூணும் தூக்கிக்கொண்டு போகிறவர்கள் உண்டு. ஆனால் கூட்டுச் சொந்தக்காரர் யாரும் யாரிடமும் திறக்கச் சொல்லிக் கேட்க வேண்டியதில்லை. அந்த வீட்டின் ஒவ்வோர் அங்குலத்திலும் எல்லோருக்கும் பங்கு. ஒருவர் வசித்தால் மற்றவர்களுக்காகவும் சேர்த்து வசிப்பதாகவே சட்டம் கொள்கிறது. கேட்டு, அவர் சரி என்று சொல்லி, உள்ளே போவதற்குச் சட்டத்தில் வேறு பெயர் உண்டு. 1882-ஆம் ஆண்டு வசதியுரிமைச் சட்டம், நாங்கள் கோர்ட்டில் ஈஸ்மெண்ட் சட்டம் என்போம், அதன் 52-ஆம் பிரிவு அதை லைசென்ஸ் என்கிறது. வெறும் அனுமதி. பொதுவாக, கொடுத்தவர் நினைத்தால் எடுத்துக்கொள்ளலாம். அதே சட்டத்தின் 59-ஆம் பிரிவைப் பாருங்கள்: அனுமதி கொடுத்தவர் சொத்தை விற்றுவிட்டால், வாங்கியவரை அந்த அனுமதி கட்டுப்படுத்தாது. முகப்பைப் போட்டோ எடுத்துப் போனவர்களை நினைத்துக்கொள்ளுங்கள். பங்காளி நல்லவர், பிள்ளை நல்லவன், நாளைக்கு அதை விடுதியாக மாற்ற வாங்குகிறவர் உங்களுக்கு யார்?

அகப்பாட்டுகளில் “வாயில்” என்ற சொல்லுக்குக் கதவு என்று மட்டும் பொருள் இல்லை. தலைவனுக்காகத் தூது வந்து நிற்கும் ஆளும் வாயில்தான். பாணன் வாயில், தோழி வாயில். அந்த ஆள் மனம் வைத்தால்தான் உள்ளே போக முடியும். உங்கள் வீட்டில் அண்ணன் மகன் இப்போது அப்படி ஒரு வாயிலாகிவிட்டான். உங்களுக்குக் கதவு வேண்டும்.

ஆக, பாகப்பிரிவினைப் பேச்சு எப்படிப் போனாலும், இந்த வாரமே அவனுக்கும் அண்ணனுக்கும் உங்கள் கையெழுத்திலேயே ஒரு கடிதம் எழுதுங்கள். வக்கீல் நோட்டீஸ் வேண்டாம். “புதுப் பூட்டின் சாவி ஒன்று எனக்கு வேண்டும், பங்குதாரர் என்ற முறையில் கேட்கிறேன்” என்று நான்கு வரி. ஒப்புகை பெறும் தபாலில் அனுப்பி, நகலை வைத்துக்கொள்ளுங்கள். பன்னிரண்டு வருடம் கழித்து யாராவது “அத்தையை எப்போதோ விலக்கிவிட்டோம், அவருக்கும் தெரியும், பேசாமல்தான் இருந்தார்” என்று அனுபவப் பாத்தியம் கொண்டாடாமல் இருக்க அந்த நான்கு வரி உதவும். சொந்தப் பிள்ளையிடம் தபாலில் கேட்பதா என்று உங்களுக்குத் தோன்றும். சாவியைக் கையில் கொடுத்துவிட்டால் அந்தத் தபாலின் நகல் உங்கள் பெட்டியில் கிடக்கட்டும்.

இதைவிட முக்கியமான இடம் இனிமேல்தான். பாகப்பிரிவினை பதிவாகும் நிமிடத்தில் உங்கள் நிலைமை தலைகீழாகிறது. அதுவரை வீடு முழுவதும் உங்களுடையதும்கூட. அதன்பின் முகப்பும் வளவும் அடுத்தவர் வீடு. அதற்குள் உங்களுக்கு என்ன உண்டோ அது பத்திரத்தில் எழுதியிருப்பது மட்டும்தான், எழுதாததற்குச் சட்டம் கொடுக்கும் ஆறுதல் மிகவும் சிறியது.

“நாற்பது வருடமாக அந்த வழியாகத்தான் நடக்கிறேன், அது உரிமையாகாதா?” என்று கேட்பீர்கள். அடுத்தவர் நிலத்தில் இருபது வருடம் வெளிப்படையாக, தடையின்றி, உரிமையாக நடந்தால் வழியுரிமை உண்டாகும், அது அதே ஈஸ்மெண்ட் சட்டத்தின் 15-ஆம் பிரிவு. ஆனால் நீங்கள் இதுவரை நடந்தது உங்கள் சொந்த வீட்டில். சொந்த வீட்டில் நடந்த வருடங்களை அந்தக் கணக்கில் சேர்க்க முடியாது.

அடுத்தது 13-ஆம் பிரிவு. கூட்டுச் சொத்தைப் பிரிக்கும்போது, ஒருவர் பங்கை அனுபவிக்க மற்றவர் பங்கின் வழியாகப் போயே தீர வேண்டும் என்றால், எழுதாமலேயே அந்த வழி கிடைக்கும். அவசியத்தால் வரும் உரிமை. இங்கேதான் அந்த “பின்வாசல் வழியாக அணுகல் உண்டு” என்ற வரி உங்களைக் கவிழ்க்கிறது. வேறு வழி ஒன்று இருந்தால் அவசியம் என்று சொல்ல முடியாது. சுற்றுவழியா, வசதிக் குறைவா என்பதையெல்லாம் கோர்ட் பார்க்காது. நான்கு கல்படி ஏற முடியாத முழங்காலையும் பார்க்காது. உங்களுக்கு நன்மை போல எழுதியிருக்கும் வரி முகப்பு வழியை நிரந்தரமாக அடைக்கும் வரி. எழுதியவர் அதை நினைத்து எழுதினாரோ என்னவோ, விளைவு அதுதான்.

அதே பிரிவில் இன்னொரு வாசல் இருக்கிறது. பிரிவினை நடந்த நாளில் கண்ணுக்குத் தெரியும்படியும் தொடர்ச்சியாகவும் இருந்த வசதி, அந்தப் பங்கை அன்றிருந்தபடியே அனுபவிக்கத் தேவை என்றால், வேறு மாதிரி எழுதாதவரை நீடிக்கும். தொடர்ச்சி என்றால் மனிதர் ஒன்றும் செய்யாமலே நடந்துகொண்டிருப்பது. உங்கள் இரட்டை வீட்டின் ஜன்னலுக்கு வளவிலிருந்து வரும் வெளிச்சம் அப்படிப்பட்டது. கூரைத் தண்ணீர் நான்கு பக்கமும் சரிந்து முற்றத்தில் விழுந்து ஓடுவதும் அப்படியே. நடப்பது அப்படியல்ல. ஒவ்வொரு தடவையும் ஒரு ஆள் கால் எடுத்து வைத்தால்தான் அது நடை. ஆகவே வழியுரிமையைச் சட்டம் தொடர்ச்சியற்றது என்று வகைப்படுத்துகிறது. அதாவது, ஆச்சி, பத்திரத்தில் ஒரு வரியும் எழுதாவிட்டாலும் வெளிச்சமும் மழைத் தண்ணீரும் பழைய வழியே உங்கள் பங்குக்கு வந்து போகலாம். நீங்கள் போக எழுத வேண்டும்.

இனி பின்வாசல். அந்தப் பத்தடி மனை அடுத்த வீட்டாருடையது என்கிறீர்கள். ஒவ்வொரு முறையும் அந்த ஆச்சியிடம் சொல்லிவிட்டுப் போவது நம் ஊர் மரியாதை, அதைக் குறை சொல்ல எனக்கு மனம் வராது. ஆனால் சட்டத்தின் தராசில் அந்த மரியாதை உங்களுக்கு எதிராக நிற்கிறது. கேட்டுக்கொண்டு நடந்த நடை எத்தனை வருடமானாலும் உரிமை நடை ஆகாது. ஆகப் பங்காளிகள் உங்களுக்குத் தருவதாகச் சொல்லும் அணுகல் அவர்கள் கையிலேயே இல்லாத ஒன்று. அடுத்த வீட்டு ஆச்சியின் நல்ல மனதை எடுத்து உங்களுக்குப் பங்காக எழுதியிருக்கிறார்கள். நம் பக்கத்தில் இரண்டு வீட்டுக்கும் மனத்தாங்கல் வந்தால் “போக்குவரத்து நின்றுவிட்டது” என்றுதான் சொல்வோம். அங்கே போக்குவரத்து நின்றால் உங்களுக்கு வழியும் நின்றது.

அந்த மனை உண்மையிலேயே தனியார் மனைதானா என்பதையும் பாருங்கள். நத்தம் (குடியிருப்பு நிலம்) ஆவணத்தையும் புலப்படத்தையும் (நில அளவை வரைபடம்) தாலுகா அலுவலகத்தில் கேட்டு வாங்குங்கள். பின்தெரு எதுவரை பொதுத்தெரு என்பதை உள்ளாட்சி அலுவலகத்தில் தகவல் அறியும் மனுவில் கேளுங்கள், முப்பது நாளில் பதில் தர வேண்டும். மனை தனியாருடையது என்று உறுதியானால், அதைச் சொல்லியே “பின்வழி எனக்குச் சட்டப்படியான வழி அல்ல, ஆகவே முகப்பு வழி அவசியம்” என்று வாதாட இடம் உண்டு. ஆனால் அந்த வாதத்தை நம்பிக் கையெழுத்துப் போடச் சொல்ல மாட்டேன். இப்போதே எழுதிக்கொண்டால் வாதமே தேவையில்லை.

என்ன எழுதுவது? நானாக இருந்தால் அந்த இரண்டு வரிகளை அடித்துவிட்டு இப்படி எழுதுவேன். அளவுகளை இடம் பார்த்து மாற்றிக்கொள்ளுங்கள்:

“‘ஆ’ ஷெட்யூல் சொத்தை அடையும் பங்குதாரர்களும் அவர்கள் வாரிசுகளும், அவர்களிடம் கிரயம் பெறுவோரும், அவர்களின் விருந்தினர், வேலையாட்களும், ‘அ’ ஷெட்யூல் சொத்தின் முகப்பு வாசலில் தொடங்கி வளவின் கிழக்குப் பத்தி வழியாக இரண்டாம் கட்டு வாசல் வரை, இத்துடன் இணைத்த வரைபடத்தில் சிவப்பு வண்ணமிட்ட 5 அடி அகலப் பாதையில், இரவு பகல் எந்நேரமும், எவர் அனுமதியும் கோராமல் நடந்து செல்லவும், சக்கர நாற்காலியில் செல்லவும், நோயாளியைத் தூக்கிச் செல்லவும், வீட்டுச் சாமான்கள் கொண்டு செல்லவும் நிரந்தர நடைபாத்தியம் உடையவர்கள். முகப்பு வாசல் பூட்டின் சாவி ஒன்று அவர்களிடம் எப்போதும் இருக்க வேண்டியது. பூட்டை மாற்றுபவர் அன்றே புதுச் சாவியைச் சேர்ப்பிக்க வேண்டியது. கல்யாணம், திதி, துக்க காரியங்களுக்கு வளவை உபயோகித்துக்கொள்ளும் உரிமையும் உண்டு. கிணற்றில் தண்ணீர் இறைக்கவும் மோட்டார் வைத்து எடுக்கவும் நாலில் ஒரு பங்கு பாத்தியமும், பராமரிப்புச் செலவில் நாலில் ஒரு பங்கு பொறுப்பும் உண்டு.”

நீளமாக இருக்கிறதே என்று பத்திரம் எழுதுபவர் முணுமுணுக்கலாம். முணுமுணுக்கட்டும். ஒரு வகை வழியுரிமை இன்னொரு வகையை உள்ளடக்காது என்று ஈஸ்மெண்ட் சட்டத்தின் 28-ஆம் பிரிவு சொல்கிறது. நடக்கலாம் என்று எழுதினால் வண்டி போகாது. அதனால்தான் சக்கர நாற்காலியைத் தனியாகச் சொல்லியிருக்கிறேன். உங்கள் முழங்காலுக்கு அது இன்று தேவைப்படாமல் இருக்கலாம், பத்து வருடம் கழித்து யாரும் இரங்கி அதைச் சேர்த்துக் கொடுக்க மாட்டார்கள். வளவை உபயோகிக்கும் வரியை நடைபாத்தியத்தோடு ஒட்டாமல் தனியாக வைத்திருப்பதற்கும் காரணம் உண்டு. நடக்கும் உரிமையில் உட்காரும் உரிமை வராது.

அகலம் எழுதாமல் விட்டதால் வந்த வினை ஒன்றை நான் கண்ணாலேயே பார்த்திருக்கிறேன். ஊர் வேண்டாம். “நடைபாத்தியம் உண்டு” என்று மட்டும் பத்திரத்தில் இருந்தது. பிரிந்த பிறகு பத்தியில் ஒரு மரச்சட்டத் தடுப்பு வைத்தார்கள், பிறகு அதைச் செங்கல்லாக மாற்றினார்கள். மிச்சம் இரண்டேகால் அடி. அந்த வீட்டுப் பெரியவர் இறந்த அன்று அவரை முகப்புக்குக் கொண்டுவர முடியவில்லை. பின்பக்கமாகக் கொண்டு போனார்கள். அவருடைய ஐயா கட்டிய முகப்பு. நான் அந்தப் பத்தியில் நின்று டேப் பிடித்து அளந்தபோது, தரையில் பதித்த ஆத்தங்குடிக் கல்லின் பூவில் பாதி சுவருக்கு அந்தப் பக்கம் போயிருந்தது. “5 அடி” என்று பத்திரத்தில் ஒரு சொல் இருந்திருந்தால் போதும்.

நான் எழுதித் தந்ததைப் போல் எழுதிப் பதிவு செய்தால், முகப்பை நாளைக்கு யார் வாங்கினாலும் உங்கள் வழி அதோடு சேர்ந்தே போகும். அது ஒரு ஆளிடம் உள்ள அனுமதி அல்ல, வீட்டோடு ஒட்டிய உரிமை. உங்கள் பங்கை நீங்கள் விற்றாலும் வாங்குபவருக்கு அது சேரும். மூத்த பங்காளிக்கு இதனால் விலை குறையும் என்று ஆட்சேபம் வரலாம், நியாயமான ஆட்சேபம்தான். அப்படியானால் பேசுங்கள். வளவு உரிமையை வருடத்தில் இத்தனை நாள் என்று குறைத்துக்கொள்ளலாம். அல்லது முகப்பு வழிக்குப் பதிலாக, அந்தப் பத்தடி மனையில் உரிமையாளரிடம் பாங்காகப் பேசி, பதிவு செய்த வழியுரிமையோ கிரயமோ வாங்கி, படிகளுக்குப் பதில் சரிவுப் பாதையும் கட்டி உங்கள் பங்கோடு சேர்த்துத் தரச் சொல்லலாம். விட்டுக்கொடுப்பதில் தவறில்லை. என்ன விட்டுக்கொடுக்கிறோம் என்று தெரிந்து விட்டுக்கொடுக்க வேண்டும்.

அண்ணனையும் தம்பியையும் இதில் உங்கள் பக்கம் சேர்த்துக்கொள்ளுங்கள். பின்கட்டு உங்களுக்கு மட்டும் போகவில்லை, மூவருக்கும்தான் போகிறது. முகப்பு அடைபட்டால் அண்ணன் மகனும் அதே நான்கு படியில்தான் ஏற வேண்டும். அவன் இன்னும் அதை யோசித்துப் பார்க்கவில்லை என்று நினைக்கிறேன். இந்தப் பதிலை அவனிடமே படிக்கக் கொடுங்கள்.

பேச்சு முறிந்தால், காரைக்குடி நீதிமன்ற வளாகத்தில் வட்ட சட்டப் பணிகள் குழு இருக்கிறது. பெண்களுக்கு வருமானம் பார்க்காமல் இலவச சட்ட உதவி உண்டு, 1987-ஆம் ஆண்டுச் சட்டம் அதைத் தருகிறது. அங்கே எல்லோரையும் உட்கார வைத்துச் சமரசம் பேசி, ஒத்துக்கொண்டதை லோக் அதாலத்தில் (மக்கள் நீதிமன்றம்) முடிவாக வாங்கினால், அது சிவில் கோர்ட் தீர்ப்புக்குச் சமம். அதுவும் நடக்காவிட்டால் சிவில் கோர்ட்டில் பாகப்பிரிவினை வழக்கு, கூடவே உங்களைத் தடுக்காமல் இருக்கத் தடையாணை. அந்த நிலை வராது என்றே நம்புகிறேன்.

இதற்கிடையில் பூட்டை உடைக்கவோ ஆள் வைத்துத் திறக்கவோ வேண்டாம். திருத்திய வரைவு வந்ததும் வரைபடத்தோடு எனக்கு அனுப்புங்கள், ஒரு வரி விடாமல் பார்த்துத் தருகிறேன். அந்த ஒரு சாண் சாவியை எண்ணெய் தடவித் துணியில் சுற்றிப் பத்திரமாக வையுங்கள். பழைய பூட்டு வீட்டில் எங்காவது கிடந்தால் அதையும் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். அப்பச்சி உங்களைப் பங்காளியாகத்தான் நடத்தினார் என்று எப்போதாவது காட்ட வேண்டியிருந்தால், அந்தப் பூட்டும் சாவியும்தான் முதல் சாட்சி.